ஒரே ரூம்ல 9 பேர்னு 1901 சென்சஸ்ல போட்டிருக்கு, இது எழுத்துப்பிழையா? (பிளாண்டயர், ஸ்காட்லாந்து)

மழைக்கோட்டு மாறன்:

வணக்கம் மக்களே. கிளாஸ்கோவுக்கு தென்கிழக்கே பிளாண்டயர்னு ஒரு ஊர்ல இருக்கேன், ரெண்டு வருஷம் ஆச்சு. குடியிருக்கிறது பழைய கல்லு கட்டடம், கீழ முடிவெட்டுற கடை, மேல வீடுங்க. தெருவுல இருந்து நுழைஞ்சா நீளமா ஒரு இருட்டு நடை, அது முடியுற இடத்துல கல்லு படிக்கட்டு, ஒவ்வொரு படியும் நடுவுல தேஞ்சு கிண்ணம் மாதிரி குழிஞ்சு கிடக்கு. நூறு வருஷத்துக்கு மேல எத்தனை கால் ஏறி இறங்கியிருந்தா கல்லு அப்படி தேயும்னு தினமும் பால் பாக்கெட்டோட ஏறும்போது நினைப்பேன்.

இப்ப ஓனர் வீட்டை விக்கப்போறார், நீயே வாங்கிக்கோயேன்னு கேக்குறார். வாங்குறதுக்கு முன்னாடி இங்க யாருதான் இருந்தாங்கன்னு பாத்துடலாமேன்னு ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள் சைட்ல காசு கட்டி 1901 சென்சஸ் பக்கத்தை இறக்கினேன். எங்க கதவு நம்பருக்கு நேரா அப்பா, அம்மா, ஆறு புள்ளைங்க, கூட ஒரு லாட்ஜர், அதாவது காசு குடுத்து அவங்க வீட்டுலயே தங்குறவர், ஆக 9 பேர். அப்பா, மூத்த பையன், லாட்ஜர் மூணு பேருக்கும் தொழில் நிலக்கரி சுரங்கம். கடைசி நெடுவரிசைல ஜன்னல் உள்ள ரூம் எத்தனைன்னு கேட்டிருக்கான், அதுல 1னு போட்டிருக்கு. இப்ப நானும் என் மனைவியும் ரெண்டு பேர் இருக்கோம், அதுக்கே இடம் பத்தலைன்னு வாரம் ஒரு தடவை சண்டை. கணக்கெடுக்க வந்தவர் தப்பா எழுதிட்டாரா?

இன்னொரு விஷயம். எதிர் வீட்டு பாட்டிகிட்ட இதைப் பத்தி பேசினப்ப, எங்க ஆத்தா ராஸ்ல பொறந்தவ, இந்த மாதிரி க்ளோஸ்ல இல்லன்னு சொன்னாங்க. சொன்ன தோரணையில பெருமையா வருத்தமான்னு பிடிபடல. ராஸ்னா என்ன, க்ளோஸ்னா என்ன? நான் டெனமெண்ட்னா எல்லாம் ஒண்ணுதான்னு நினைச்சுட்டு இருந்தேன். ஊர் பேரை தேடினா ஆப்பிரிக்காவை சுத்தி வந்த டேவிட் லிவிங்ஸ்டன் பொறந்த ஊர்னு மட்டும்தான் எல்லா இடத்துலயும் வருது.

---

பழைய பேப்பர் அக்கா:

தம்பி, தப்பில்ல, சரியாத்தான் எழுதியிருக்கார். அந்த நெடுவரிசையோட தலைப்பை நீங்களே எழுதியிருக்கீங்க, திரும்ப ஒரு தடவை படிங்க. ஜன்னல் உள்ள ரூம். ஸ்காட்லாந்துல 1861ல இருந்து சென்சஸ்ல இந்த கேள்வி உண்டு. ஒரே ரூம் வீட்டுக்கு இங்க சிங்கிள் எண்ட்னு பேரு, அடுத்த நிலை ரூம் அண்ட் கிச்சன், அது ரெண்டு ரூம். சமையல், சாப்பாடு, தூக்கம், பிரசவம், சாவு எல்லாம் அந்த ஒத்த ரூமுக்குள்ள. நீங்க இப்ப இருக்கிற வீடு அனேகமா ரெண்டு மூணு சிங்கிள் எண்டை பின்னாடி சுவர் இடிச்சு சேத்ததா இருக்கும். அதனால நீங்க பாத்த கதவு நம்பர் உங்க வீட்டோட ஒரு துண்டுக்குத்தான் பொருந்தும்.

9 பேர் எங்க படுத்தாங்கன்னுதானே அடுத்த கேள்வி? சுவருக்குள்ள ஒரு மாடம் மாதிரி குடைஞ்சு விட்டிருப்பாங்க, பெட் ரிசெஸ். அதுக்குள்ள உயரமா பலகை அடிச்சு மெத்தை, முன்னாடி திரை. அதுக்கு ஜன்னல் கிடையாது, அதனால ரூம் கணக்குலயும் வராது. அந்த உயரக் கட்டிலுக்கு அடியில சக்கரம் வெச்ச தாழ்வான கட்டில் ஒண்ணு, ஹர்லி பெட்ம்பாங்க, ராத்திரி இழுத்துவிட்டா புள்ளைங்க படுக்க, காலையில உள்ள தள்ளினாத்தான் நடக்கவே இடம். இதுபோக, சுரங்கத்துல ஷிஃப்ட் உண்டு. ராத்திரி வேலைக்கு போனவங்க காலையில வந்து படுப்பாங்கன்னா அவங்களையும் வீட்டுல இருக்கிறதா எழுதிக்கோன்னுதான் கணக்கெடுப்போட விதி. அதனால 9 பேரும் ஒரே நேரத்துல படுத்திருக்கணும்னு இல்ல. ஒருத்தர் எழுந்து போன சூடு ஆறுறதுக்குள்ள இன்னொருத்தர் அதே மெத்தையில.

இது உங்க வீட்டுக்கு மட்டும் வந்த கஷ்டம்னு நினைக்காதீங்க. 1911 கணக்குப்படி ஸ்காட்லாந்து ஜனத்தொகையில கிட்டத்தட்ட பாதி பேர் ஒண்ணு இல்ல ரெண்டு ரூம் வீட்டுல, அதே வருஷம் இங்கிலாந்துல அது பத்துல ஒரு பங்கு கூட கிடையாது. கிளாஸ்கோ சுகாதார அதிகாரியா இருந்த ஜே. பி. ரஸ்ஸல்ங்கிற டாக்டர் 1888ல ஒத்த ரூம் வாழ்க்கையைப் பத்தி ஒரு உரை குடுத்தார். நகரத்துல அஞ்சு வயசுக்குள்ள சாகுற புள்ளைங்கள்ல 32 சதவீதம் ஒத்த ரூம் வீட்டுல சாகுது, அஞ்சு ரூமும் அதுக்கு மேலயும் உள்ள வீட்டுல 2 சதவீதம் கூட இல்லன்னார். செத்த குழந்தையை மேசை மேல கிடத்திட்டு, அது பக்கத்துலயே மத்த புள்ளைங்க விளையாடி சாப்பிட்டு தூங்குறதை அவர் சொல்ற இடத்தை என்னால ஒரே மூச்சுல படிக்க முடியல.

உங்களுக்கு இன்னும் தோண்டணும்னா அதே சைட்ல வேல்யுவேஷன் ரோல் இருக்கு, 1855ல இருந்து. அதுல சொந்தக்காரர் யாரு, குடியிருக்கிறவர் யாரு, வருஷ வாடகை எவ்வளவுன்னு வரும். ஒண்ணு கவனிங்க, வருஷத்துக்கு 4 பவுனுக்கு கீழ வாடகை வர்ற சின்ன வீடுன்னா குடியிருக்கிறவர் பேரை எழுதாமலே விட்டிருக்கலாம், பேர் இல்லைன்னா வீடு காலியா இருந்துச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க. அப்புறம் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்துல பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம் ஓசியிலயே பாக்கலாம். 25 இன்ச் வரைபடத்தை எடுத்து உங்க தெருவை பெருசு பண்ணுங்க, தனித்தனி கட்டடம், பின்கட்டு, குழாயடி கூட தெரியும்.

---

கரிச்சட்டி:

ராஸ் பத்தி நான் சொல்றேன், ஏன்னா இதுல எனக்கு கொஞ்சம் கோவமே உண்டு. ராஸ்னா ரோஸ்தான், வரிசை வீடு, ஸ்காட்ஸ் நாக்குல அப்படி ஆகுது. சுரங்க கம்பெனி தன்னோட தொழிலாளிக்கு குழி, அதாவது சுரங்கம், பக்கத்துலயே செங்கல்ல ஒரு மாடி இல்லாம வரிசையா கட்டி விட்ட வீடு. க்ளோஸ்ங்கிறது நீங்க சொன்ன அந்த இருட்டு நடையும் படிக்கட்டும், அதாவது மாடி வெச்ச டெனமெண்ட். இதை கட்டினது கடைக்காரர், காண்ட்ராக்டர் மாதிரி தனி ஆளுங்க, வாடகை வசூலுக்கு ஃபாக்டர்னு ஒரு ஏஜெண்ட் வருவான். ரூம் அளவுல பாத்தா ரெண்டும் ஒண்ணுதான், நாத்தமும் ஒண்ணுதான். ஆனா யாரு கதவைத் தட்டி வெளியே போன்னு சொல்ல முடியும்ங்கிறதுலதான் வித்தியாசம். க்ளோஸ்ல வாடகை குடுக்கலைன்னா துரத்துவான். ராஸ்ல வேலை போனா வீடும் போச்சு, வாடகையை சம்பளத்துலயே பிடிச்சுட்டுத்தான் குடுப்பான், அதனால வேலைநிறுத்தம்னு வாயைத் திறந்தா முதல்ல சட்டிபானை தெருவுக்கு வரும்.

உங்க ஊர் பேரைத் தேடினா லிவிங்ஸ்டன்தான் வருதுன்னீங்களே. 1877 அக்டோபர் 22னு போட்டுத் தேடுங்க. காலையில ஒன்பது மணி ஆகுறதுக்கு கொஞ்சம் முன்னாடி, வில்லியம் டிக்ஸன் கம்பெனியோட 2, 3ம் நம்பர் குழியில ஃபயர்டாம்ப், அதாவது கரிக்குள்ள இருந்து கசியுற மீத்தேன் வாயு, பத்திக்கிட்டு வெடிச்சுது. 207 பேர். செத்ததுல சின்னவனுக்கு வயசு 11. ஸ்காட்லாந்து சுரங்க வரலாத்துல அதைவிட பெரிய சாவு இன்னைக்கு வரைக்கும் இல்ல. 92 பொம்பளைங்க தாலியறுத்தாங்க, அப்பன் இல்லாத புள்ளைங்க 250.

இனிமேதான் நான் சொல்ல வந்தது. அந்த பொம்பளைங்க இருந்தது டிக்ஸன் ராஸ்ல, கம்பெனி வீடு. புருஷன் செத்துட்டான்னா அந்த வீட்டுல கம்பெனிக்கு வேலை செய்யுற ஆள் இல்லன்னு அர்த்தம். ஆறு மாசம் கழிச்சு, வீட்டை காலி பண்ணாத 34 விதவைங்க மேல கம்பெனி கோர்ட்டுக்கு போச்சு. 1878 மே 28ல வெளியேத்தினாங்க. புருஷனை குழிக்கு குடுத்துட்டு, வீட்டையும் குழிக்காரனுக்கே திருப்பிக் குடுக்கணும். அடுத்த வருஷம் ஜூலை 2ல அதே கம்பெனி 1ம் நம்பர் குழியில திரும்ப வெடிச்சு 28 பேர். அதனால பாட்டி சொன்னது பெருமையா வருத்தமான்னு கேட்டீங்கள்ல, ராஸ்ல பொறந்தவங்களுக்கு ரெண்டும் சேந்தேதான் வரும்.

---

கிணத்தடி:

கரிச்சட்டி சொன்னதுல தகராறு இல்ல, ஆனா டெனமெண்ட்டுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமே இல்லைங்கிற மாதிரி வருது, அது அப்படி இல்ல. அதே பிளாண்டயர்லயே லிவிங்ஸ்டன் பொறந்த ஷட்டில் ரோ இருக்கே, அது பேர்லதான் ரோ, ஆள் மூணு மாடி டெனமெண்ட், கட்டினது பஞ்சு மில்லுக்காரங்க. 24 குடும்பம், குடும்பத்துக்கு ஒரு ரூம். 1813ல லிவிங்ஸ்டன் பொறந்ததும் அதுல ஒரு ரூம்லதான், பத்து வயசுல மில்லுக்கு போனார், காலை ஆறுல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும். இப்ப அது மியூசியம், 1929ல திறந்தது. மாறன் நீங்க ஒரு ஞாயித்துக்கிழமை நடந்தே போயிட்டு வரலாம், 9 பேர் ஒரு ரூம்ல எப்படின்னு கண்ணால பாத்துடலாம். கரி வர்றதுக்கு முன்னாடியே இந்த ஊர் ஒத்த ரூமுக்கு பழகிப்போச்சு, கரி வந்து ஆள் கூட்டத்தை பல மடங்கு ஆக்கினதுதான் மிச்சம்.

இன்னொண்ணு, இந்த மாதிரி த்ரெட்ல எப்பவும் கடைசியில ஒருத்தர் வந்து அந்தக் காலத்துல கதவே பூட்ட மாட்டாங்க எல்லாரும் ஒரே குடும்பமா இருந்தாங்கன்னு எழுதுவாங்க. எனக்கு அது எரிச்சல். பூட்டுறதுக்கு உள்ள என்ன இருந்துச்சு? அந்த ஒற்றுமையை நடத்துனது முழுக்க பொம்பளைங்க உடம்பு. குழியில இருந்து வர்றவனுக்கு குளியல் வசதி கிடையாது, 1920ல மைனர்ஸ் வெல்ஃபேர் ஃபண்டுன்னு ஒண்ணு வந்து, அதுல இருந்து காசு எடுத்து கொஞ்சம் கொஞ்சமா குழி வாசல்ல குளியலறை கட்டின பிறகுதான் மாறிச்சு. அதுவரைக்கும் அடுப்பு முன்னாடி தகரத்தொட்டி, அப்பன் முதல்ல, அப்புறம் பையன், அப்புறம் லாட்ஜர், அதே தண்ணி. முதுகை மட்டும் நிறைய பேர் கழுவ விடமாட்டாங்க, கழுவினா முதுகெலும்பு பலம் போயிடும்னு நம்பிக்கை. ஈரமும் கரியுமா இருக்கிற துணி அதே அடுப்பு மேல காயும், பக்கத்துலயே சூப் கொதிக்கும், தொட்டில்ல குழந்தை இருமும். ஷிஃப்டுக்கு ஒருத்தர் வந்தா மூணு நேரமும் இதேதான். தண்ணியை கீழ குழாயடியில இருந்து தூக்கிட்டு நீங்க சொன்ன அந்த தேஞ்ச படியில ஏறினது யாருன்னு யோசிங்க. படி தேஞ்சதுல ஆம்பளை பூட்ஸை விட வாளியோட பங்கு ஜாஸ்தின்னு எனக்கு ஒரு எண்ணம்.

துவைக்கிறதுக்கு பின்கட்டுல வாஷ் ஹவுஸ், அதுக்கு ஒரே சாவி, வீட்டுக்கு ஒரு நாள்னு முறை. முறை தவறினா அதுக்கு நடந்த சண்டை இருக்கே, அதையும் ஒற்றுமை கணக்குல சேத்துக்கோங்க. படிக்கட்டு கழுவுறதுக்கும் முறை, உங்க முறைன்னு எழுதின அட்டையை அடுத்த வீட்டு கதவுல மாட்டிட்டு போயிடுவாங்க.

---

மழைக்கோட்டு மாறன்:

ஐயோ, அந்த அட்டை! எங்க க்ளோஸ்ல இன்னும் இருக்கு. முதல் மாசம் கதவு பிடியில தொங்கினதை ஏதோ விளம்பரம்னு கிழிச்சு போட்டுட்டேன், அதுக்கு பாட்டி ஒரு வாரம் முகம் குடுத்து பேசல.

கரிச்சட்டி, 34 விதவைங்க கதையை மனைவிக்கு படிச்சு காமிச்சேன், ஒண்ணும் சொல்லாம எழுந்து போயிட்டா. ஒரு சந்தேகம், இவ்வளவு மோசமா இருந்தா அரசாங்கம் எப்பதான் எட்டிப் பாத்துது?

---

பழைய பேப்பர் அக்கா:

பாக்க வெச்சதே சுரங்கத் தொழிலாளிங்கதான் தம்பி. 1909ல ஸ்காட்லாந்து சுரங்கத் தொழிற்சங்கக்காரங்க போய் வீட்டு நிலைமையைப் பத்தி மந்திரிகிட்ட முறையிட்டாங்க, அது இழுத்து இழுத்து 1912ல ராயல் கமிஷன், அதாவது அரசு விசாரணைக் குழு ஆச்சு. நடுவுல முதல் உலகப்போர் வந்து அறிக்கை 1917லதான் வெளிய வந்துச்சு. தனியார் கட்டி இதுக்கு தீர்வு வராது, அரசாங்கம்தான் கட்டணும்னு பெரும்பான்மை உறுப்பினர்கள் எழுதினாங்க. 1919 வீட்டு வசதி சட்டம், அப்புறம் 1924ல வீட்லி சட்டம், அதுல இருந்துதான் கவுன்சில் வீடு, அதாவது உள்ளாட்சி கட்டி வாடகைக்கு விடுற வீடு, நிறைய எழும்ப ஆரம்பிச்சுது. அந்த ஜான் வீட்லி யாரு தெரியுமா? அயர்லாந்துல பொறந்து, உங்க ஊருக்கு வடக்கே பெய்லிஸ்டன் பக்கம் ஒரு சுரங்கத் தொழிலாளி வரிசையில ஒத்த ரூம்ல வளந்து, சின்ன வயசுலயே குழிக்குள்ள இறங்கினவர். வீட்டு சட்டத்தை அவர் எழுதினதுல ஆச்சரியமே இல்ல.

உங்க சென்சஸ் பக்கத்துல அந்த லாட்ஜர் எங்க பொறந்தவர்னு பாத்தீங்களா? லானர்க்‌ஷயர்ல, அதாவது உங்க ஊர் இருக்கிற மாவட்டத்துல, லாட்ஜர்னா பெரும்பாலும் அயர்லாந்து, இல்லைன்னா ரஷ்யா, போலந்துன்னு எழுதியிருக்கும். ரெண்டாவதுன்னா அவர் அனேகமா லித்துவேனியாக்காரர். அப்ப அது ரஷ்ய சாம்ராஜ்யத்துல இருந்துச்சு, அதனால அப்படி எழுதிடுவாங்க. பெல்ஸ்ஹில் பக்கம் ஆயிரக்கணக்குல வந்தாங்க, அங்கயே அவங்க மொழியில பேப்பர் கூட அடிச்சாங்க. அவங்க பேர் குழி ஆபீஸ் கிளார்க் வாய்ல நுழையலைன்னா ஸ்மித், பிரவுன், பிளாக்னு எதையாவது எழுதி வெச்சுடுவார், இன்னைக்கு பேரப்புள்ளைங்க வேர் தேடி அலையுறாங்க. 1917ல பிரிட்டிஷ் ராணுவம், இல்லைன்னா ரஷ்யா, ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னு அரசாங்கம் கேட்டப்ப ஆயிரத்துக்கு மேல ஆம்பளைங்க ரஷ்யாவுக்கு கிளம்பினாங்க. அதுல பெரும்பாலானவங்களை அப்புறம் திரும்பி வரவே விடல. இங்க மிச்சம் நின்ன குடும்பங்கள்ல நிறைய பேரை 1920ல கப்பல் ஏத்தி அனுப்பிட்டாங்க.

---

ஆஃப்சைட் ஆறுமுகம்:

லேட்டா வரேன் மன்னிக்கணும். மாறன் ப்ரோ நீங்க கிளம்பி மதர்வெல் பக்கம் ஸ்ட்ராத்கிளைட் பார்க் போயிருப்பீங்க, படகு விடுற அந்த பெரிய ஏரி. அதுக்கு அடியில ஒரு ஊரே இருந்துச்சு, பாத்வெல்ஹா, ஹாமில்டன் பாலஸ் குழியில வேலை செஞ்சவங்க ஊர், ஊர்க்காரங்க பேலிஸ்னுதான் சொல்லுவாங்க, பாலஸ்ங்கிறதோட திரிபு. 1959ல குழியை மூடினாங்க, 60கள் நடுவுல வீட்டையெல்லாம் இடிச்சாங்க, 70கள்ல ஏரி வெட்டினப்ப அந்த இடத்துல பாதி தண்ணிக்குள்ள போயிடுச்சு. குழிக்கு பேர் குடுத்த அந்த ஹாமில்டன் பாலஸ் கதை இன்னும் வேடிக்கை. டியூக்கோட அரண்மனை, ஸ்காட்லாந்துலயே பெரிய மாளிகைகள்ல ஒண்ணு, அதுக்கு கீழேயே கரி எடுக்க விட்டு பூமி உள்வாங்கி, 1920கள்ல அரண்மனையை இடிக்க வேண்டியதா போச்சு. தொழிலாளி வீடும் போச்சு, முதலாளி வீடும் போச்சு.

ஃபுட்பால் சொல்லாம போனா என் பேருக்கு அசிங்கம். கிளாஸ்கோ டீம் செல்டிக்கை 1967ல ஐரோப்பிய கப் ஜெயிக்க வெச்ச ஜாக் ஸ்டீன் உங்களுக்கு பக்கத்துல பர்ன்பேங்க்ல பொறந்தவர், குழியில வேலை செஞ்சவர். மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜர் மேட் பஸ்பி பெல்ஸ்ஹில் பக்கம் ஆர்பிஸ்டன்ல சுரங்கத் தொழிலாளி வீட்டுல 1909ல பொறந்தார். லிவர்பூல் மேனேஜர் பில் ஷாங்க்லி அய்ர்‌ஷயர்ல க்ளென்பக்னு ஒரு சுரங்க கிராமம், பத்து புள்ளைங்கள்ல ஒருத்தர், அண்ணன் தம்பி அஞ்சு பேரும் ப்ரொஃபஷனல் ஆட்டக்காரங்க. அந்த க்ளென்பக்கும் இப்ப இல்ல, போனா நினைவுக்கல்தான் நிக்குது.

வீடு வாங்குறதா இருந்தா வக்கீல்கிட்ட சொல்லி மைனிங் ரிப்போர்ட் கண்டிப்பா எடுத்துடுங்க. உங்க ஊருக்கு கீழ பழைய குழி எங்க ஓடுதுன்னு அதுல வரும். டியூக்குக்கே அந்த கதின்னா நமக்கென்ன.

---

மழைக்கோட்டு மாறன்:

எல்லாருக்கும் நன்றி, ரிப்போர்ட்டுக்கு வக்கீல்கிட்ட சொல்லியாச்சு. லாட்ஜர் பொறந்த இடம் பாத்தேன் அக்கா, அயர்லாந்துன்னு ஒத்த வார்த்தைதான் இருக்கு, ஊர் பேர் கூட இல்ல, வயசு 19.

நேத்து ராத்திரி டேப்பை எடுத்துட்டு சமையலறையை அளந்தேன். எங்க ஃபிரிட்ஜும் அரிசி டப்பாவும் வெச்சிருக்கிற பள்ளம் இருக்கே, ஏதோ அலமாரி வைக்க விட்ட இடம்னு நினைச்சேன், ஆறடி நீளம், நாலடிக்கு கொஞ்சம் மேல ஆழம், ஜன்னல் இல்ல. பாட்டியை கூப்பிட்டு காட்டினேன். ஆமா அதான் கட்டில்னு சொல்லிட்டு, ஃபிரிட்ஜ் பக்கத்து சுவர்ல ஒரு இடத்தை விரல்ல தட்டி, திரைக்கு ஆணி இங்க இருக்கும் பாருன்னாங்க. மனைவி கரண்டியால பெயிண்டை சுரண்டினா, இருந்துச்சு.

படிக்கட்டு முறை இந்த வாரம் நம்மளது. அட்டை கதவுல தொங்குது.